அரளிக் கட்டு

மெர்சினிலிருந்து தார்சூஸ் போகும் சாலையின் நடுவே
பதினோரு கிலோமீட்டர் அரளி.
ஜனவரியில் அதை வெட்டுவது எங்கள் வேலை.
நான், ஷெவ்கெத், ரம்பம் பிடிக்கத் தெரியாத ஒரு பையன்,
பின் டயரில் காற்றில்லாத நகராட்சி லாரி.

கையுறை போடு. முகத்தைத் தொடாதே.
பால் பட்ட விரலால் ரொட்டியைப் பிய்க்காதே.
பயிற்சியில் இவ்வளவும் சொன்னார்கள்.
எரித்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.
எரிப்பவர்கள் யாரும் பயிற்சிக்கு வந்திருக்கவில்லை.

தேநீர் குடித்துத் திரும்பும்போதெல்லாம்
வெட்டிப் போட்ட குவியல் சிறுத்திருக்கும்.
கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட கொம்புகள் மட்டும் போயிருக்கும்.
உருவிய இலைகள் தார்ச்சாலை ஓரத்தில்
பச்சை மாறாமல் கிடக்கும்.
விஷம் இலையோடு போய்விடும் என்று
யாரோ நம்பியிருக்கிறார்கள்.

"காய்ந்தால் ஒன்றும் இல்லை" என்றார் ஷெவ்கெத்.
மருந்துக்கடை முஷெர்ரெஃப் தலையாட்டினாள்:
"காய்ந்தாலும் போகாது. புகையிலும் வரும் என்கிறார்கள்.
தொண்டை, கண், அப்புறம் நெஞ்சு.
துடிப்பு கணக்குத் தப்பும்."
எத்தனை கட்டைக்கு எவ்வளவு புகை, என்று கேட்டேன்.
"அதை யார் அளந்தது?
அளக்க ஒருவர் உட்கார்ந்து மூச்சை இழுக்க வேண்டுமே."

எங்கள் மொழியில் இதற்கு ஸக்கூம் என்று பெயர்.
நரகத்தின் அடியில் முளைக்கும் மரத்துக்கும் அதே பெயர்.
ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது,
லாரிப் புகைக்குச் சாகாது,
கோடையில் விமானத்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு
ரோஜா நிறத்தில் கையசைக்கும்.
நட்டது நாங்கள்தான்.

எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பின்னால்
நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள்.
சாயங்காலம் தனியாகப் போனேன்.
எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.
அதில் எந்த இருமல் அரளியுடையது?

ரக்காவிலிருந்து வந்தவள், பெயர் வஹீபா.
அரைகுறை அரபியில் ஸக்கூம் என்றேன்,
கழுத்தைப் பிடித்துக் காட்டினேன்.
"திஃப்லா" என்று திருத்தினாள்.
"எங்கள் ஆற்றங்கரை முழுக்க இதுதான்.
கழுதைகூடத் தின்னாது. நாங்களும் தின்னவில்லை."
பிறகு எலுமிச்சை மரங்களைக் காட்டினாள்.
"அதில் ஒரு சுள்ளி ஒடித்தால் ஒருநாள் கூலி போச்சு.
இது வேண்டாமென்றால்
வேறு மரம் காட்டு."

தேநீர் கொடுத்தாள்.
சர்க்கரையை எந்தக் குச்சியால் கலக்கினாள் என்று
கேட்கக் கூச்சமாக இருந்தது.
குடித்தேன்.
இரவெல்லாம் மணிக்கட்டில் விரல் வைத்து
எண்ணியபடி படுத்திருந்தேன்.

மறுநாள் முதல், வெட்டவெட்ட லாரியில் ஏற்றச் சொன்னேன்.
ஒரு கொம்பு மிச்சமில்லை.
நல்ல காரியம் செய்த களைப்பு தோளில்.
புதன்கிழமை தார்ப்பாய்களுக்கு மேலே எழுந்த புகை
கறுப்பாக இருந்தது.
ரப்பர். செருப்போ டயரோ.
காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது
பையன் வாந்தி எடுத்தான்.

நகராட்சிக் கொட்டகையில்
போன வருடம் புயலில் சாய்ந்த முசுக்கட்டை மரம்
அளவாய் அறுத்து அடுக்கியிருக்கிறது,
இன்ஜினியர் அறையின் அடுப்புக்காக.
சாவி ஷெவ்கெத்திடம்.
"தொலைத்துவிடாதே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

மூன்று நடை.
கடைசி நடையில் டயர் முழுசாய் உட்கார்ந்துவிட்டது.
வஹீபாவும் இரண்டு பெண்களும் வந்து
கட்டைகளைத் தலையில் சுமந்து போனார்கள்.
ஒருத்தி ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்,
என்னைப் பார்த்தாள்.
நல்ல மரம், என்றேன்.
தலையசைத்தாள். நம்பினாளா, தெரியாது.

கூடார வாசலில் பழைய அரளிக் கட்டு
கயிறு அவிழாமல் அப்படியே சாய்ந்திருந்தது.
எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள் வஹீபா.
"பிப்ரவரி இன்னும் வரவில்லை."